சொல்லாமல் வைத்த சாவு

ஆறு வருஷம் வைரச் சுரங்கத்தில் வேலை பார்த்தும் பெர்னடெட் ஒரு வைரத்தைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. அவள் பார்த்ததெல்லாம் படுக்கை விரிப்புதான். இரண்டு வாரம் முகாம், இரண்டு வாரம் வீடு என்று ஓடியது பிழைப்பு. முகாமில் ஒரு நாளைக்கு இருபத்தெட்டு அறை. கூட்டவேண்டும், துடைக்கவேண்டும், விரிப்பு மாற்றவேண்டும், தெற்கேயிருந்து வந்த ஆம்பளைகள் சவரம் பண்ணிவிட்டுப் போட்ட மயிரைத் தொட்டியிலிருந்து வழித்து எடுக்கவேண்டும். ஊர் திரும்பும்போது, விமானம் ஏறுமுன் ஒரு சின்ன அறையில் நிறுத்திவைத்துச் சோதனை. காலுறையை உதறு, பின்னலை அவிழ், நாக்கைத் தூக்கு. ஒரு தடவை அந்தச் சோதனைக்காரியிடம், "கடைவாய்ப் பல்லு ஒண்ணு சொத்தையா இருக்கு. அதுக்குள்ள ரெண்டு மூணு வைரம் ஒளிச்சு வச்சிருக்கேன், பல்லோட சேத்துப் புடுங்கிக்கம்மா" என்றாளாம். எங்கள் நிஸ்காசீபி ஊருக்குப் பல் டாக்டர் வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருவார். அவள் சொன்னதில் பாதி விளையாட்டு, பாதி நிஜம்.

இதையெல்லாம் அவள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். கேட்டுக்கொண்டே அடுப்புக்குள் விறகைத் தள்ளுவான் அவள் புருஷன் லூசியன். பேச்சுக்காரன் இல்லை. நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் கோடையிலும் பனி பெய்யும் என்பார்கள். பெர்னடெட்டின் அக்கா மோனிக்குக்கு அவனைச் சீண்டாவிட்டால் டீ இறங்காது. தங்கை புருஷனைக் கேலி பண்ணுவது எங்கள் பக்கத்தில் மதினிக்கு உள்ள உரிமை, பண்ணாவிட்டால்தான் தப்பு. "என்ன மாப்ளே, பொண்டாட்டி சம்பாதிக்கிறா, நீ வாத்துக்கு வலை பின்னுற. அடுத்த வருஷம் நீ பாவாடை கட்டிக்க, நான் தைச்சுத் தரேன்" என்பாள். "இடுப்பளவு நாப்பது மதினி" என்பான் அவன். அதோடு முடிந்தது. அந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டு மோனிக் ஒரு வாரம் சிரிப்பாள்.

வீடு என்று அவர்களுக்கும் ஒன்று இருந்தது. மூன்று குளிர்காலத்துக்கு முன்னால் ஊர்ச் சாக்கடைக் குழாய் எதுக்களித்து, வீட்டின் அடித்தளத்தில் முழங்கால் அளவு கழிவு நின்றது. அள்ளிக் கொட்டினார்கள், மருந்து ஊற்றிக் கழுவினார்கள், அதிலேயே இருந்தார்கள். சுவரில் கறுப்பாகப் பூஞ்சை ஏறியது. பெர்னடெட்டுக்கு இழுப்பு வந்தது. பிறகு ஒரு அதிகாரி வந்தான். மூக்கைப் பொத்திக்கொண்டு சுற்றிப் பார்த்தான். 'மனிதர் வசிக்கத் தகுதியற்றது' என்று கதவில் ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டு அடுத்த விமானத்தில் போய்விட்டான். சரி ஐயா, மனிதர் எங்கே வசிப்பது? அதை அந்தக் காகிதத்தில் எழுதவில்லை.

மோனிக்கின் வீட்டுக்குப் பின்னால் ஒட்டுப்பலகையில் ஒரு கொட்டகை அடித்துக்கொண்டார்கள். ஒரு தகர அடுப்பு, ஒரு கட்டில், மேலே தார்ப்பாய். ஊரில் இப்படி இருபத்திரண்டு குடும்பம். மேற்கே, ஸ்கிடூ பனிவண்டியில் ஒரு நாள் ஓட்டத் தூரத்தில், எங்கள் வாத்துக் குளங்களைத் தோண்டி வைரக்கல் எடுக்கிறார்கள். அங்கே நாய்க்குக் கொட்டகை கட்டினால்கூடச் சுவருக்குள் பஞ்சு வைத்துத்தான் கட்டுவார்கள். எனக்குக் கோபம் வருகிறது, சொல்லாமல் என்ன செய்ய.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை. பெர்னடெட் முதல் நாள்தான் முகாமிலிருந்து வந்திருந்தாள். காலையில் எழுந்தால் போர்வை அவளோடு வரவில்லை. சுவரின் உள்பக்கம் பனி கட்டி, போர்வையின் ஓரம் அதில் ஒட்டி உறைந்துபோயிருந்தது. இழுத்தாள். கிழிந்தது. கிழிந்த துண்டு சுவரிலேயே நின்றது. கட்டிலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து இந்நேரம் ஒருத்தன் ரூம்ல ஜன்னலைத் தொறந்து விட்டேன் லூசியன். உள்ள ரொம்பச் சூடா இருக்காம் அவனுக்கு."

அவன் அடுப்பை மூட்டப் போனான். அவள் எழுந்து, இருந்த துணியையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டு நாற்காலியைத் தூக்கிச் சறுக்குவண்டியில் வைத்துக் கட்டினாள்.

"எங்க போற?"

"ரோட்டுக்கு."

"எதுக்கு?"

"உக்கார."

ஆறும் சதுப்பும் இறுகிக் கிடக்கிற ஐந்தாறு வாரம்தான் எங்கள் பக்கம் ரோடு என்று ஒன்று உண்டு. சுரங்கத்துக்கு ஒரு வருஷத்துக்கு வேண்டிய டீசல் முழுக்க அந்த ஐந்தாறு வாரத்துக்குள் லாரியில் போயாகவேண்டும். மார்ச் முடிந்தால் ரோடு தண்ணீராகிவிடும். அந்தப் பனிச்சாலையின் நட்டநடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள் பெர்னடெட். முதலில் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்தான். இவள் குடுவையைத் திறந்து டீ ஊற்றிக் குடித்தாள். அவன் இறங்கி வந்து என்னம்மா என்றான். "உனக்கும் வேணுமா?" என்று ஒரு கோப்பையை நீட்டினாள். மத்தியானத்துக்குள் மோனிக் கெட்டிலோடு வந்துவிட்டாள். பொழுது சாய்வதற்குள் நாற்பது பேர். மறுநாள் கித்தான் கூடாரம் எழும்பி, உள்ளே ஊசியிலைக் கிளை பரப்பி, தகர அடுப்பும் வைத்தாயிற்று.

கேட்டது ஒன்றே ஒன்றுதான். இருபத்திரண்டு வீடு. சுரங்கத்துப் பெரிய ஆளும் அரசாங்கத்து ஆளும் இங்கே வந்து, இந்த ரோட்டில் நின்று, எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். அதுவரை ஒரு சொட்டு டீசல் போகாது.

ஊர் ரேடியோவை நடத்துகிற ஜெரோம் தினமும் கூடாரத்திலிருந்தே ஒரு கைக்கருவியில் பேசி ஒலிபரப்பினான். வாய் ஓயாதவன். "இன்னிக்கு மைனஸ் முப்பத்தெட்டு. நம்ம லூசியன் காலையிலிருந்து ரெண்டு வார்த்தை பேசியிருக்காரு, ஒண்ணு ஆமா, ஒண்ணு இல்ல" என்பான். வீட்டில் ரொட்டி சுடுகிற பெண்கள் வரைக்கும் சிரிப்பார்கள். ரோட்டில் இருபது லாரி, அப்புறம் முப்பது லாரி வரிசையாக நின்றன. லாரிக்காரர்களுக்கும் நாங்கள்தான் மூஸ்மான் கறி போட்டோம். குளிரில் வந்து நிற்கிறவனை வெறும் வயிற்றோடு எப்படி அனுப்புவது?

பத்தாம் நாள் வெள்ளிக்கிழமை பெர்னடெட்டுக்கு இழுப்பு முற்றிவிட்டது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. நர்ஸ் பார்த்துவிட்டு, தெற்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போகவேண்டும் என்றாள். விமானத்தில் நோயாளிக்கும் கூடப் போகிற விமான நர்ஸுக்கும்தான் இடம். இருந்தாலும் லூசியன் ஏறத்தான் பார்த்தான். ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த பெர்னடெட் ஆக்ஸிஜன் முகமூடியை இறக்கிவிட்டு அவனை முறைத்தாள்.

"நீ ரோட்டை விட்டு நகந்தேன்னா திரும்பி வந்து உன்னைக் கட்டிக்கமாட்டேன்."

"ஏற்கெனவே கட்டியாச்சு."

"அது செல்லாது. அன்னிக்கு நீ குடிச்சிருந்தே."

சிரித்தாள், சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நேரமாயிற்று. பிறகு அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, காதோடு சொன்னாள்: "என்ன ஆனாலும் ஆளுங்களை ரோட்டை விட்டுக் கெளப்பிடாத. கேட்டியா? என்ன ஆனாலும்."

அவன் தலையாட்டினான்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, தினமும் போகிறமாதிரி, ஊர் ஆஸ்பத்திரிக்குப் போய் அங்கிருந்து போன் போட்டான். மறுமுனையில் ஒருவரை ஒருவர் கூப்பிட்டு, மூன்று பேர் கை மாறி, கடைசியில் ஒரு டாக்டர் பேசினார். காலை ஆறரைக்குப் போய்விட்டாளாம். தூக்கத்திலேயே போய்விட்டாளாம். மிகவும் வருந்துகிறாராம்.

லூசியன் போனைப் பிடித்தபடியே நின்றான். டாக்டர் இரண்டு தடவை ஹலோ சொன்னார். நாளைக்கே விமானத்தில் அனுப்பி வைக்கட்டுமா என்று கேட்டார்.

அந்த நிமிஷம் அவன் மனசில் என்ன ஓடியது என்று பின்னாளில் ஊரே கேட்டது. ஓடியது இதுதான்.

எங்கள் ஊரில் சாவு என்றால் அந்த நிமிஷமே எல்லாம் நின்றுவிடும். பள்ளிக்கூடம் மூடும், கடை மூடும், ரேடியோவில் தோத்திரப் பாட்டு மட்டும்தான். செத்தவர் வெளியூரில் இருந்தால், உடம்பு வருகிற விமானத்துக்கு ஊர் மொத்தமும் ஓடுதளத்தில் போய் நிற்கும். மண்ணுக்குள் வைக்கிறவரைக்கும் ஒரு நொடிகூடத் தனியாக விடமாட்டோம். யாராவது பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள், பேசிக்கொண்டிருப்பார்கள், சில சமயம் சிரித்துக்கொண்டும் இருப்பார்கள். லூசியனின் சித்தப்பா செத்த அன்று அவன் காட்டில் ஒரு மூஸ்மானைப் பாதி அறுத்திருந்தான். சேதி வந்ததும் கத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். அத்தனை கறியும் ஓநாய்க்கு. யாரும் அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

இப்போது சேதியைச் சொன்னால் பத்து நிமிஷத்தில் கூடாரம் காலி. அது பெர்னடெட்டின் சாவு, நாற்காலி போட்டவளுடைய சாவு. ஒருத்தர் மிஞ்சமாட்டார்கள். முப்பது லாரியும் ஒரு பகலில் மேற்கே போய்விடும். டீசல் போய்விட்டால் அப்புறம் எந்தப் பெரிய ஆள் வந்து எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவான்? வியாழக்கிழமை வருகிறோம் என்று அவர்கள் கடிதம் அனுப்பியதே முந்தாநாள்தான். இன்னும் மூன்று நாள்.

"வெள்ளிக்கிழமை" என்றான் லூசியன் போனில். "வெள்ளிக்கிழமை அனுப்புங்க."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் நர்ஸ் நின்றுகொண்டிருந்தாள். ஆறு வாரத்துக்கென்று தெற்கேயிருந்து வந்த சின்னப் பொண்ணு. கண் கலங்கியிருந்தாள். யாரிடமும் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டான். "கண்டிப்பா சொல்லமாட்டேன். அது உங்க சொந்த விஷயம்" என்றாள். எங்கள் ஊரில் சாவு யாருக்கும் சொந்த விஷயம் கிடையாது. அது அந்தப் பொண்ணுக்குத் தெரியாது, பாவம்.

வெளியே வந்தான். கன்னத்தில் வழிந்தது உறைந்துபோயிருந்தது. கையுறையால் உரித்து எடுத்துவிட்டு ஸ்கிடூவைக் கிளப்பினான்.

கூடாரத்தில் நுழைந்ததும் முதல் ஆளாக மோனிக் கேட்டாள். "எப்படி இருக்காளாம்?"

"தூங்கறாளாம்."

"நல்லதாச்சு. மூணு நாளா அவளுக்குத் தூக்கமே இல்ல" என்று சொல்லி, வாத்துச் சூப்பை ஒரு கோப்பையில் ஊற்றி அவன் கையில் திணித்தாள். "குடி மாப்ளே. முகத்தைப் பாரு, உப்புக்கண்டம் மாதிரி."

குடித்தான். கோப்பையைக் காலி பண்ணி அவளிடம் நீட்டினான். இதைத்தான் அவனால் பிற்பாடு மறக்கவே முடியவில்லை. அவள் செத்த அன்றைக்கு அவன் சாப்பிட்டான்.

மறுநாள் செவ்வாய். மோனிக் அவனைக் கூடாரத்துக்கு வெளியே இழுத்துக்கொண்டு போனாள். முகத்தில் விளையாட்டு இல்லை.

"நான் போயிட்டு வரட்டுமா? புதன்கிழமை விமானத்துல ஒரு இடம் இருக்குங்கறான். போய் அவ பக்கத்துல உக்காந்துட்டு வரேன்."

"வேணாம் மதினி."

"ஏன் வேணாங்கற?"

"பாக்க விடமாட்டாங்களாம். தொத்திக்குமாம்."

"இழுப்பு எப்படிடா தொத்தும்?"

"இப்ப சளி சேந்திருக்காம். டாக்டர் சொன்னாரு."

மோனிக் அவனையே பார்த்தாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் பொய் சொன்னால் காது சிவக்கும். அந்தக் குளிரில் எல்லார் காதும்தான் சிவந்திருந்தது. "சரி" என்றாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

லூசியன் கோடாலியை எடுத்தான். அன்றைக்கு அவன் பிளந்த விறகு ஒரு வாரத்துக்கு வரும். நிறுத்தினால் அவள் நினைப்பு வந்துவிடும். ஒரு இரும்புப் பெட்டியில், இழுப்பறை மாதிரி இழுத்துத் தள்ளுகிற பெட்டியில் வைப்பார்கள் என்று யாரோ எப்போதோ சொன்னது. சூட்டுக்காகத் தவித்துச் செத்தவளை மறுபடி குளிர்ப்பெட்டியில். பக்கத்தில் ஒரு ஆள் கிடையாது, நம் பேச்சில் ஒரு வார்த்தை சொல்ல நாதி கிடையாது. வைத்தது யார்? இவன். 'என்ன ஆனாலும்னு சொன்னியே, சொன்னியே' என்று ஒவ்வொரு வெட்டுக்கும் வாய்க்குள் சொல்லிக்கொண்டான். கோடாலி வழுக்கிப் பூட்ஸ் ஓரத்தைக் கொத்தியது. இன்னும் ஒரு விரற்கடை உள்ளே போயிருந்தால் காலே போயிருக்கும்.

புதன்கிழமை ஜெரோம் ரேடியோவில், "ஆஸ்பத்திரி மெத்தையில காலை நீட்டிக்கிட்டு, நம்மளையெல்லாம் பனியில உக்கார வச்சிருக்கற மகாராணி பெர்னடெட்டுக்காக" என்று ஒரு பிடில் பாட்டுப் போட்டான். கூடாரத்தில் இரண்டு பெண்கள் எழுந்து ஆடினார்கள். ஒருத்தி லூசியனின் கையைப் பிடித்து இழுத்தாள். பொண்டாட்டி ஊரில் இல்லாதபோது ஆடினால் யார் சொல்லப்போகிறார்கள் என்று கேலி. மோனிக் சும்மா இருப்பாளா, "நான் சொல்லுவேன்டி, போன்லயே சொல்லுவேன்" என்றாள். லூசியன் எழுந்தான். ஆடினான். நாலு அடி வைத்தான், ஐந்தாவது அடி வைக்க முடியாமல் விறகு எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனான். வெளியே விறகு மலைபோலக் கிடந்தது.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஹெலிகாப்டர் இறங்கியது. சுரங்கத்துப் பெரிய ஆள் புது ஜாக்கெட் போட்டிருந்தார், விலைச்சீட்டின் நூல்கூடக் கழற்றவில்லை. அரசாங்கத்து ஆளுக்குக் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை. எங்கள் ஊர்த் தலைவி அவர்களைக் கூடாரத்துக்குள் உட்காரவைத்து, டீ கொடுத்து, பிறகுதான் பேச்சை எடுத்தாள். மூன்று மணி நேரம். பத்து வீடு என்றார்கள். பதினைந்து என்றார்கள். முகாமில் கழித்துப்போட்ட பழைய வண்டிவீடுகளைத் தருகிறோம் என்றார்கள். தலைவி ஒவ்வொரு தடவையும், "டீ ஆறிடும், குடிங்க" என்று மட்டும் சொன்னாள். வெளியே ரோட்டில் இருநூறு பேர் நின்றார்கள். இரண்டரை மணிக்கு இருபத்திரண்டு என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த குளிர்காலம், இதே பனிச்சாலையில், லாரியில் வீடுகள் வரும்.

எழுந்த ஆரவாரத்தில் காக்கை ஒன்று மிச்சமில்லாமல் பறந்துபோயிற்று. துப்பாக்கியை வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். லாரிக்காரர்களும் ஹாரன் அடித்தார்கள். ஒருத்தரை ஒருத்தர் கட்டிப்பிடித்துப் பனியில் உருண்டார்கள். லூசியனை நாலு பேர் தூக்கிவிட்டார்கள்.

"பெர்னடெட்டுக்குப் போன் போடு!" என்றான் ஜெரோம். "ரேடியோவுலயே பேசட்டும், ஊர் முழுக்கக் கேக்கட்டும்! தலைவியக்கா, உங்க சாட்டிலைட் போனைக் குடுங்க. லூசியன், ஆஸ்பத்திரி நம்பரைச் சொல்லு!"

"வேணாம்" என்றான் லூசியன்.

"வெக்கப்படுறான் பாரு!"

"தொத்து சளின்னா போன் வழியாவா தொத்தும்? நம்பரைச் சொல்லு மாப்ளே" என்றாள் மோனிக். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர். "எந்தங்கச்சி கேக்கணும்டா இதை. அவ நாற்காலிடா இது."

ஜெரோம் கைக்கருவியை லூசியன் வாயருகே நீட்டிப் பொத்தானை அமுக்கிவிட்டான். ஊரில் அடுப்படியில் நின்ற ஒவ்வொரு பெண்ணும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவ இல்ல" என்றான் லூசியன்.

"ரூம் மாத்திட்டாங்களா?"

"அவ இல்ல, ஜெரோம். போயிட்டா."

யாரோ சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினார்கள். பின்வரிசைக்குச் சேதி போய்ச் சேரும்வரை அங்கே மட்டும் கூத்து நடந்தது. பிறகு அதுவும் நின்றது.

"எப்ப?" என்று கேட்டாள் மோனிக். "இப்பவா? இன்னிக்கா?"

"திங்கக்கெழமை. காலையில."

மோனிக் விரலை மடக்கினாள். திங்கள். செவ்வாய். புதன். வியாழன். நாலாவது விரலை மடக்கியதும் அந்தக் கை அப்படியே முஷ்டியாக நின்றது. அடிப்பாள் என்று எல்லாரும் நினைத்தோம். அவனும் அதைத்தான் எதிர்பார்த்து முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றான். அவள் அடிக்கவில்லை. திரும்பி ஊரைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள். ஒருத்தர் பின் ஒருத்தராக எல்லாரும் அவள் பின்னால் நடந்தார்கள். பத்து நிமிஷத்தில் கூடாரம் காலி, அவன் நினைத்தபடியேதான். பெரிய ஆளும் அரசாங்கத்து ஆளும் ஹெலிகாப்டர் பக்கத்தில் என்ன நடக்கிறதென்று புரியாமல் நின்றார்கள்.

வெள்ளிக்கிழமை விமானம் வந்தது. ஊர் மொத்தமும் ஓடுதளத்தில். லூசியனுக்கு இடம் விட்டுத்தான் நின்றார்கள், யாரும் ஒதுக்கவில்லை, யாரும் பக்கத்திலும் வரவில்லை. ஜெரோம் மட்டும் வந்து தோளோடு தோளாக நின்றான். பெட்டியை இறக்கும்போதுதான் வாயைத் திறந்தான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா. அவளை ரோட்டுக்கே கொண்டுவந்திருப்போமே. கூடாரத்துல வச்சு, சுத்தி உக்காந்திருப்போம். எவன்டா லாரிய ஏத்துவான் அவ மேல?"

லூசியன் அவனைத் திரும்பிப் பார்த்தான். மூன்று நாள், கோடாலியும் கையுமாக, அவன் எத்தனையோ யோசித்தான். இது மட்டும் தோன்றவே இல்லை. ஜனங்கள் சாவுக்குப் போவார்கள் என்று தெரிந்தவனுக்கு, சாவை ஜனங்களிடம் கொண்டுவரலாம் என்று தோன்றவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் நடந்தார்கள். அவன் கடைசியில் நடந்தான்.

எங்கள் ஊரில் இரண்டு நாள்தான் உடம்பை வைத்திருப்போம். பெர்னடெட்டை நாலு நாள் வைத்திருந்தோம். மோனிக் சொன்னதுதான். "நாலு நாள் தனியா கெடந்தா. நாலு நாள் நாம இருப்போம்" என்றாள். பாதிரியார் ஏதோ சொல்ல வந்தார், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார். மோனிக்கின் வீட்டு முன்னறையில் பெட்டி. முறை போட்டு உட்கார்ந்தோம். ரொட்டி வந்துகொண்டே இருந்தது, டீ கொதித்துக்கொண்டே இருந்தது. பெர்னடெட் அடித்த கேலியெல்லாம் சொல்லிச் சிரித்தோம், சொத்தைப் பல்லுக் கதையைப் பத்துத் தடவை சொன்னோம். வெளியே பகல் முழுக்க லாரிகள் மேற்கே போய்க்கொண்டிருந்தன. ஒப்பந்தம் ஒப்பந்தம்தான், ரோட்டைத் திறந்துவிட்டாயிற்று. ஒவ்வொரு லாரிக்கும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

லூசியனுக்கு மோனிக் முறை கொடுக்கவில்லை. அவனும் கேட்கவில்லை. கதவோரம் நின்றான், விறகு கொண்டுவந்து போட்டான், தண்ணீர் எடுத்தான். அவனிடம் பேசவேண்டி வந்தால், "கொஞ்சம் தள்ளிக்குங்க" என்றாள். 'மாப்ளே' இல்லை, 'டா' இல்லை. அந்த 'ங்க' ஒவ்வொன்றும் அவனுக்குச் சவுக்கடி.

நாலாம் நாள் காலை, அடக்கத்துக்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போது, மோனிக் அறையிலிருந்த எல்லாரையும் வெளியே போகச் சொன்னாள். லூசியனும் கிளம்பினான்.

"நீ இரு" என்றாள்.

பெட்டியின் அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் அவன். பெர்னடெட்டின் பின்னலை மோனிக்தான் புதிதாகப் போட்டிருந்தாள். மோனிக் தங்கையின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தாள், சூடு வரும் என்கிறமாதிரி.

"ஞாயித்துக்கெழமை எனக்குப் போன் பண்ணினா" என்றாள்.

அவன் நிமிர்ந்தான்.

"சாயங்காலம், மாவு எடுக்க இங்க வீட்டுக்கு வந்தப்ப. மூச்சு வாங்கிக்கிட்டே பேசினா. 'இங்க ஒருத்தருக்கும் நம்ம பேச்சு தெரியல அக்கா. மூச்சு முட்டறப்ப அவங்க பேச்சு எனக்கு வாயில வரல. தண்ணி கேட்டா என்னென்னமோ கொண்டாந்து தராங்க. எனக்குப் பயமா இருக்கு. வீடு கெடக்கட்டும், ரோடு கெடக்கட்டும். லூசியனை வரச் சொல்லு'ன்னா."

லூசியனின் கை பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"மறுநாள் சொல்லணும்னுதான் இருந்தேன். நீ வந்து தூங்கறாங்கறே. சரி, பயம் தெளிஞ்சிருச்சு போலன்னு நெனச்சேன்." அவள் குரல் உடைந்தது. நிறுத்தி, மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இல்ல. அதுவும் பொய். ஞாயித்துக்கெழமையே சொல்லியிருக்கலாம். நான் ரோட்டுக்குத் திரும்பினப்ப நீ பத்தடி தூரத்துல விறகு போட்டுக்கிட்டு இருந்தே. சொன்னா நீ போயிடுவே. நீ போனா உன் பின்னால நானும் போவேன், ஒவ்வொருத்தரா எல்லாரும் போயிடுவாங்கன்னு சொல்லாம இருந்துட்டேன். நானும் ரோட்டைத்தான் நெனச்சேன் லூசியன்."

வெளியே ஒரு லாரி போயிற்று. ஜன்னல் அதிர்ந்து அடங்கியது.

"அவ என்னை வரச் சொன்னாளா?" என்று கேட்டான் அவன். கேட்டது அவளைத்தான், பார்த்தது பெர்னடெட்டை.

"ரெண்டு தடவை சொன்னா" என்றாள் மோனிக்.